கோடு போடாத வரி

அனுசுயா அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் திருப்பூர் வீரபாண்டியில் இருந்த அந்தப் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் கையெழுத்தை அறியாதவர்கள் கிடையாது. வேன் ஓட்டுகிறவர் முதல் கட்டிங் மாஸ்டர் வரை எல்லாரும் காலையில் அவள் எழுதிய ஆர்டர் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அடித்தல் திருத்தல் இருக்காது. சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையர் அந்தப் பக்கங்களைப் பிரிண்டரில் அடித்தது என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தாராம். கம்பெனியில் இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை, அனுசுயாவைத் தவிர.

கோவில்பட்டிப் பக்கத்து ஊர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள், கல்யாணமான கையோடு புருஷன் பாண்டித்துரையுடன் திருப்பூருக்கு பஸ் ஏறினாள். அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். அவன் கட்டிங்கில் சேர்ந்தான், இவள் செக்கிங்கில். ஓட்டை விழுந்த பனியனை ஒதுக்கிவைத்து, காரணத்தைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். அந்தச் சீட்டு ஒன்று முதலாளி ரத்தினசாமியின் கண்ணில் பட்டது. மறுநாளே அவளைச் செக்கிங் மேஜையிலிருந்து எழுப்பி ஆபீஸ் ரூமில், ஆர்டர் ரிஜிஸ்டருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

ரத்தினசாமி சோளம் விதைத்த காட்டில் நாலு மிஷின் போட்டு ஆரம்பித்தவர். கார் இரண்டு வாங்கிய பிறகும் கவரைப் பிரித்துத் திருப்பி ஒட்டுகிற கை அவருக்கு. அனுசுயா முதல் வாரம் ஒரு ஆர்டரை ஐந்து மாதத்துக்கும் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கு எதிரிலும் ஒரே எண்ணிக்கையை அழகாகப் போட்டு வைத்திருந்தாள். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதையே அஞ்சு தடவை எழுதுனா மை என்ன மரத்துலயா காய்க்குது அம்மிணி?"

அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் சட்டம். முதல் வரியில் எண்ணிக்கையைப் போடு. கீழே உள்ள மாதங்களிலும் அதுவேதான் என்றால் காலியாக விட்டுவிடு. எண்ணிக்கை மாறினால் மட்டும் எழுது. ஆர்டர் ரத்தாகிவிட்டால் அந்த வரியில் சிவப்புக் கோடு போடு. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. காலி இடத்தைப் பார்த்தால் கம்பெனியில் எல்லார் கண்ணும் தானாக மேலே போகும். இதை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்ட வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதம். ஒரு புதன்கிழமை காலை பாண்டித்துரை கட்டிங் மேஜை மேல் துணியை விரித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்தபடி அந்தத் துணி மேலேயே சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. நாற்பத்தொரு வயது. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை.

அனுசுயா அழவில்லை. ஊருக்குக் கொண்டுபோனபோதும் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. கொழுந்தன் பொண்டாட்டி, கல் நெஞ்சுக்காரி என்று காது படவே சொன்னாள். அது கூட அவளுக்கு வேறு யாரையோ சொல்வது போலத்தான் இருந்தது. பதினேழாம் நாள் திருப்பூர் வந்து, பதினெட்டாம் நாள் ரிஜிஸ்டரைத் திறந்தாள். கையெழுத்து ஒரு சுழி மாறவில்லை. காலையில் எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள், வந்து படுத்தாள். பாண்டித்துரை செத்த நாளுக்குக் கீழே வந்த நாட்களில் புதிதாக எழுத ஒன்றுமில்லை. மேலே உள்ளதேதான்.

அவளைச் சாப்பிட வைத்தது ராமுத்தாய். திருப்பூர் ராயபுரத்தில் அனுசுயா குடியிருந்த, ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அடுத்த கதவு. சாத்தூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் விட்டுப் போனவள், பத்தாவது படிக்கிற ஒரு மகள். இதே கம்பெனிக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த யூனிட்டில் டெய்லர். வேலை விட்டு வந்ததும் குழம்புக் கிண்ணத்தோடு நேராக அனுசுயாவின் வீட்டுக்குள் வந்துவிடுவாள். தட்டை வைப்பாள், தின்னுகிற வரை எதிரே உட்கார்ந்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை பேச மாட்டாள். மிஷினில் நூல் அறுந்த கதை, சூப்பர்வைசர் தூங்கி விழுந்த கதை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அனுசுயா "ம்" கொட்டுவாள். அந்த "ம்"மே போதும் என்பது போல ராமுத்தாய் மேலே சொல்லிக்கொண்டு போவாள்.

அந்தச் சித்திரையில் ரத்தினசாமிக்குக் கோயம்புத்தூரில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதத்துக்கு வியாபாரப் பேச்சே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, மகன் தரணீதரன் நாற்காலிக்கு வந்தான். கெட்டவன் இல்லை. படித்தவன், வேகமானவன், எதையும் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் நம்புகிறவன். ஜூலையில் சிஆர்எம் என்று ஒரு சாஃப்ட்வேர் வந்து இறங்கியது. பையர் யார், என்ன ஆர்டர், எந்த யூனிட்டில் தைப்பது, எந்த மாதம் எத்தனை பீஸ் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால், ஒரு பட்டனைத் தட்டியதும் ஷெட்யூல் ரிப்போர்ட் என்று கொட்டிவிடுமாம். சொல்லிக் கொடுக்க அனுப்பிரியா என்ற பெண் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் வந்தாள். எந்தப் பட்டனை அமுக்குவது என்பதெல்லாம் சொன்னாள். காலி இடத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுசுயா ஒரு வாரத்தில் எல்லா ஆர்டரையும் ஏற்றி முடித்தாள். மற்ற ஆர்டர்களில் மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை மாறும், அதனால் எல்லாக் கட்டமும் நிரம்பியது. டென்மார்க் பையருக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் பனியன் மட்டும் அப்படியில்லை. அது ரத்தினசாமி வருஷக்கணக்கான பழக்கத்தில் வாய்ப்பேச்சாக முடித்த ஆர்டர். மாதம் பன்னிரண்டாயிரம் பீஸ், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அனுசுயா ஆகஸ்டுக்கு எதிரே பன்னிரண்டாயிரம் என்று அடித்தாள். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நாலு வரிகளையும், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், காலியாக விட்டாள். சாஃப்ட்வேர் ஒரு முனகல் இல்லாமல் வாங்கிக்கொண்டது.

அந்தப் பனியனைத் தைத்துக்கொண்டிருந்தது நெருப்பெரிச்சல் யூனிட். அங்கே வேறு வேலை கிடையாது. நாற்பத்திரண்டு டெய்லர்களும் அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் மிஷினில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாலர் சரிந்து திருப்பூரே கன்னத்தில் கை வைத்திருந்த வருஷம் அது. பையர்கள் பாதியில் ஆர்டரை நிறுத்துவது வாரத்துக்கு ஒன்று என்று நடந்தது. ஆகஸ்ட் நடுவில் தரணீதரன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தான். நெருப்பெரிச்சலுக்கு நேரே செப்டம்பர் முதல் ஒன்றுமே இல்லை. மீதியை டென்மார்க்காரனும் நிறுத்திவிட்டான் போல, அப்பா உடம்பு முடியாத நேரத்தில் இது நம் காதுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டான். அப்படியும் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தான். ரிப்போர்ட்டை அனுசுயாவின் மேஜையில் வைத்து, எல்லாம் சரியாக இருக்குங்களாக்கா என்றான். அவள் தாளைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் கண் அதன் மேல் இருந்தது, அவ்வளவுதான். ஏழு மாதமாக எதையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான் சார்" என்றாள்.

யூனிட்டை மூடுவது என்று முடிவானது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமையோடு வேலை நிற்கும். மிஷின்களை வேறொரு கம்பெனிக்கு வாடகைக்கு விடப் பேச்சும் நடந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ராமுத்தாய் சொன்னாள்.

"ஏ அனுசுயா, சனிக்கிழமையோட எங்க யூனிட்ட மூடுறாகளாம். ஆர்டர் இல்லையாம்ல. நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிரலாம்னு பாக்கேன்."

"ஓ" என்றாள் அனுசுயா.

அந்த ஒரு எழுத்தோடு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளைக்குப் பரீட்சை வருஷமாயிற்றே, பாதியில் எப்படி மதினி என்று கேட்டிருக்கலாம். வேறு கம்பெனியில் கேட்டுப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். ராமுத்தாய் அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் குடத்தைத் தூக்கினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஃபைலில் வைப்பதற்காக ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கும்போதுதான் அது நடந்தது. அடியில் கூட்டுத்தொகை வரும். டென்மார்க் ஆர்டருக்கு நேரே பன்னிரண்டாயிரம் என்று வந்திருந்தது. அவள் கை நின்றது. ஐந்து மாதத்துக்கு அறுபதாயிரம் வர வேண்டும். இந்தக் கணக்கு அவளுக்குத் தூக்கத்திலும் வரும். மிஷின் கூட்டலில் தப்பு செய்கிறது என்று நினைத்து, அனுப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஜீரோன்னு அடிச்சா ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்றதா அர்த்தங்க. காலியா விட்டா, நீங்க எதுவுமே சொல்லலைன்னு அர்த்தங்க. அது மேல் வரியையெல்லாம் பார்த்துக்காதுங்க. சொன்னதை மட்டும்தான் கூட்டும்."

அனுசுயா போனை வைத்தாள். செப்டம்பரைப் பார்த்தாள், அக்டோபரைப் பார்த்தாள். நெருப்பெரிச்சல் என்ற பெயரைப் பார்த்தாள். ராமுத்தாய் குழாயடியில் சொன்னது இரண்டு நாள் கழித்து இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஆர்டர் இல்லாமல் போகவில்லை. அவள்தான் சொல்லாமல் விட்டிருக்கிறாள். கேட்டபோது பார்க்காமலே சரி என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

தாளை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். ஏனென்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. பயம். ஏழு மாதத்துக்குப் பிறகு அவளைத் தேடி வந்த முதல் விருந்தாளி. உடனே எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் போன மாதம் பில்லில் தப்பாக அடித்த ஒருவனைத் தரணீதரன் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருந்தான். இந்த மேஜையும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? அன்று சாயங்காலம் வரை அவள் அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சொல்லவில்லை. நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் தாமதத்தை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை கதவைப் பூட்டும்போது ராமுத்தாய் தன் வாசலில் நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய கோலமாக இல்லை. சீக்கிரம் வந்துருவியா என்று கேட்டாள். அனுசுயா, தரணீதரனிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே "ம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். எதற்குக் கேட்கிறாள் என்று கேட்கவில்லை.

தரணீதரன் வந்ததும் அவன் முன்னால் போய் நின்று ரிப்போர்ட்டை விரித்தாள். காலியாக இருக்கிற வரியெல்லாம் காலி இல்லை, மேலே உள்ள பன்னிரண்டாயிரமேதான் என்றாள். அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நான் கேட்டனுங்களேக்கா. சரின்னீங்களே."

"பாக்காமச் சொல்லிட்டேன் சார்."

அவன் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னான். புரட்டினான். அவளுடைய அச்செழுத்தில் ஆகஸ்டுக்கு எதிரே பன்னிரண்டாயிரம். அதற்குக் கீழே நாலு வரியும் வெறுமை. இதிலும் ஒன்றும் இல்லையே, எதை வைத்து நம்புவது என்றான். பன்னிரண்டு வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு அவளிடம் ஒரு அத்தாட்சி கூட இல்லை. கடைசியில் அவன், டாக்டர் சொன்னதை மீறி, அப்பாவுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைச் சொல்லி, ரிஜிஸ்டரும் காலியாகத்தான் இருக்கிறது என்றான்.

ரத்தினசாமியின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் அவசரமே இல்லை.

"செவப்புக் கோடு போட்டிருக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"அப்பறமென்ன? கோடில்லீன்னா மேல இருக்கறதேதான். நாந்தான் அம்மிணிக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது."

அதற்குப் பிறகு வேலை மடமடவென்று நடந்தது. மிஷின் வாடகைப் பேச்சு நின்றது. யூனிட்டை மூடவில்லை என்று சொல்ல நெருப்பெரிச்சலுக்கு ஆள் போனது. தரணீதரன் தானே உட்கார்ந்து நாலு கட்டத்திலும் பன்னிரண்டாயிரம் என்று அடித்தான். அடித்துவிட்டு, இனிமேல் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாதுங்கக்கா என்று மட்டும் சொன்னான். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. தன் பங்குத் தப்பும் அதில் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். அனுசுயா தன் மேஜைக்கு வந்தாள். ராமுத்தாயிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இத்தனை மாதத்தில் ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ராமுத்தாயின் கதவில் வீட்டுச் சொந்தக்காரரின் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டுக்காரி விவரம் சொன்னாள். வியாழக்கிழமையே பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு டிசி வாங்கிவிட்டாளாம். மத்தியானம் வரை உனக்காகப் பார்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள் என்றாள். அனுசுயாவின் ஜன்னல் திட்டில் குழம்புக் கிண்ணம் இருந்தது, மேலே ஒரு தட்டு கவிழ்த்து. கத்தரிக்காய்க் குழம்பு. ஆறிப் போயிருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். எதிரே யாரும் இல்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

சனிக்கிழமை காலை நெருப்பெரிச்சலின் புது மாத வருகைப் பதிவேட்டை எழுதும் வேலை அவளிடம் வந்தது. நாற்பத்திரண்டு பெயர். நின்றுபோனவர்களுக்குச் சிவப்புக் கோடு போட வேண்டும். தரணீதரன் வந்து நின்று பார்த்தான். ராமுத்தாய் என்ற பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் இருந்தது.

"இவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களேக்கா. கோடு போடலீங்களா?"

"இல்ல சார். காலியா இருக்கட்டும்" என்றாள். பிறகு, "எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்" என்றாள்.

அவன் ஒரு நிமிஷம் அந்த வரியைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டினான்.

ராமுத்தாய் திரும்பி வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள். சும்மா வரவில்லை. முதல் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போறேன்னு சொன்னப்பம் உனக்கு ஒரு வார்த்தை வரலையே என்று கேட்டுவிட்டுத்தான் சமாதானமானாள். பிள்ளையின் டிசியைத் திருப்பிக் கொடுக்க ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வாசலில் இரண்டு பேரும் அரை நாள் நின்றார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அனுசுயா சாத்தூருக்குப் போக மதுரை பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில், கழுவித் துடைத்த குழம்புக் கிண்ணம். தாராபுரம் வரப் போகிற நேரத்தில் சத்தம் கேட்டு ஜன்னலோரத்து அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அனுசுயா அழுதுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. முன் சீட்டுக்காரர்களும் திரும்பினார்கள்.

"ஏனுங் கண்ணு, ஆராச்சும் தவறிட்டாங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமாம்மா. எங்க வீட்டுக்காரரு."

"அடக் கடவுளே. எப்பங் கண்ணு?"

"ஏழு மாசமாச்சும்மா."

அந்த அம்மாள் எழுந்து, அவளை ஜன்னலோரமாக நகர்ந்து உட்காரச் சொன்னாள்.